தெரியுது டீச்சர்

இரண்டாம் வகுப்புக்கு வெளிச்சம், இருட்டு, பார்வை பற்றிய பாடத்தை எப்படி நடத்துவது என்று உங்களில் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார். புத்தகத்தில் அது ஒன்றரைப் பக்கம்தான். சூரியனும் விளக்கும் வெளிச்சம் தரும். வெளிச்சம் இல்லாவிட்டால் பார்க்க முடியாது. கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்தில் நடத்தி, கேள்வி பதில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் செய்தேன்.

ஒரு வருடம் அந்தப் பாடத்தைச் சற்று வேறு மாதிரி நடத்தினேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன். நடத்தும் முறையை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்தேன். காலையில் பஸ் ஏறி சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தால் என் பள்ளிக்கூடம் வரும். ஓடு போட்ட நீளமான ஒரே கட்டடம். தலைமையாசிரியரையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர். பிள்ளைகள் எல்லாம் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இன்றைக்கு நீங்கள் பாடம் எடுக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். அன்றைக்கு என் பிள்ளைகளின் பெற்றோர் சேற்றுக் காலோடு வயலிலிருந்து ஏறி வருவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இருக்கிற களைப்பு ஒன்றுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் கிடையாது. மதிய உணவுக்கு வரும் கோதுமை மூட்டைகளையும் எண்ணெய் டின்களையும் வைப்பதற்கு ஓர் அறை இருந்தது. அதற்கு ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் கதவிடுக்கு வழியாகவும், ஓட்டில் இருந்த ஒரு பிளவு வழியாகவும் மெல்லிய கோடாக வெளிச்சம் வரும். பாடத்தை அங்கே நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகளை ஐந்தாறு பேராக உள்ளே கூட்டிக்கொண்டு போய் மூட்டைகள் மேல் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவேன். யாரும் பேசக்கூடாது. முதலில் எல்லாரும் “ஒண்ணுமே தெரியல டீச்சர்” என்பார்கள். “கண்ணுக்குக் கொஞ்ச நேரம் குடுங்க” என்பேன். சிறிது நேரத்தில் ஒருவன், “டீச்சர், டின்னு தெரியுது!” என்று கத்துவான். இன்னொருத்தி என் புடவைக் கரை தெரிகிறது என்பாள். பிறகு ஒவ்வொருவர் முகமாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். இருட்டில் பார்க்கும் வித்தையை அவர்களே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். வெளியே வந்ததும் கண்ணின் நடுவில் இருக்கிற கருப்பு வட்டம் இருட்டில் பெரிதாகி வெளிச்சத்தில் சிறிதாவதைச் சொல்வேன். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசிக் குழுவில் மல்லிகா இருந்தாள். ஏழுமலை, கன்னியம்மா என்பவர்களின் மகள். நல்ல சுறுசுறுப்பு. வாய்ப்பாடு சொல்வதில் முதல் ஆள். கரும்பலகையில் எழுதுவதைக் கடைசி வரிசையிலிருந்தே படித்துவிடுவாள். ஆகவே கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மற்றவர்கள் “தெரியுது டீச்சர்” என்றபோது மல்லிகாவும் “தெரியுது டீச்சர்” என்றாள். நான் கையை உயர்த்தி, “என் கையில இருக்கிறது என்ன?” என்று கேட்டேன். “சாக்பீஸ் டப்பா!” என்றார்கள். மல்லிகாவும் சொன்னாள், ஆனால் மற்றவர்கள் சொல்லி முடிக்கும் நேரத்தில். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. எழுந்து வெளியே போகச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் மூட்டைகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போய்விட்டார்கள். மல்லிகா இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நேராக நடந்து எண்ணெய் டின் மேல் மோதினாள். டின் உருண்டது. அவள் முட்டியில் அடி.

வெளியே சிரிப்பு. “கோழி வுழுந்துட்டா!” என்று ஒரு பையன் கத்தினான்.

“யாரு கோழி?” என்று கேட்டேன்.

“மல்லிகாதான் டீச்சர். சாயந்தரம் ஆனா கோழி மாரி வூட்டுக்குள்ள அடஞ்சிடுவா. வெளாடவே வர மாட்டா. அதான் கோழி.”

மல்லிகாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னை நிறுத்தியது. அடிபட்ட பிள்ளை சிரிக்கிறதென்றால் அந்தப் பெயர் அவளுக்குப் பழகிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

மற்றவர்களை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அவளை மட்டும் மறுபடி உள்ளே கூட்டிப்போனேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். நெடுநேரம் ஆனபிறகு, “மல்லிகா, இப்ப எதிர்ல என்ன இருக்கு?” என்றேன்.

“தெரியுது டீச்சர்.”

“எது தெரியுது?”

என் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா. அது தப்பில்ல. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

பிறகு சொன்னாள். “இருட்டுன்னா எல்லாருக்கும் இப்டித்தான டீச்சர் இருக்கும்? அவங்களுக்கு பயம் இல்ல, அதான் ஓடுறாங்கோ. எனுக்கு பயம்.”

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு மாலைக்கண். ஆனால் அது தன் கண்ணில் இருக்கிற குறை என்று அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள் கண்ணால் அவள் பார்த்ததில்லையே. எல்லாருக்கும் இருட்டு கன்னங்கரேலென்றுதான் இருக்கும், மற்ற பிள்ளைகள் அந்தக் கருப்புக்குள் தைரியமாக ஓடுகிறார்கள், தான் மட்டும் பயந்தாங்கொள்ளி என்று ஏழு வயதில் ஒரு முடிவுக்கு வந்து, அதோடு வாழ்ந்துகொண்டிருந்தாள். ஒரு குழந்தைக்கு என்ன தெரியவில்லை என்பதை அந்தக் குழந்தை வந்து உங்களிடம் சொல்லாது. வகுப்பே சேர்ந்து “தெரியுது டீச்சர்” என்று கத்தும்போது அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது.

அவளை வெயிலுக்குக் கூட்டிவந்து கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழியின் ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு சிறு திட்டு. ஆசிரியர் பயிற்சியில் உடல்நலப் பாடத்தில் மாலைக்கண்ணைப் பற்றிப் பரீட்சைக்காகப் படித்த சில வரிகள் நினைவுக்கு வந்தன. சத்துக் குறைவு, கீரை, பால், முட்டை. கவனிக்காமல் விட்டால் பார்வையே போகும்.

“வூட்ல யாரெல்லாம் இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“அப்பா, அம்மா, தம்பி. தம்பிக்கு அம்மா போட்டுகீது டீச்சர். கண்ணே தொறக்க மாட்டேன்றான்.”

தட்டம்மையைத்தான் அப்படிச் சொன்னாள். அம்மை வந்த வீட்டை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு இன்னும் கடுமை. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியார் படி ஏறக்கூடாது. மருந்து என்ற பேச்சே எடுக்கக்கூடாது. அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே எடுக்க மாட்டார்கள்.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அதிகம் பேச மாட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, “பொண்ணுக்கு மாலைக்கண்ணு, சரி. அந்தப் பையனைப் பத்தி ஏன் கவலைப்படுறீங்க? அம்மை வந்தா கண்ணு பீளை தள்ளி மூடிக்கும். எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்” என்றார்.

“ரெண்டு பேரும் ஒரே பானையில சாப்பிடறாங்க சார். இவளுக்கு இல்லாதது அவனுக்கு மட்டும் எங்கேருந்து வரும்? அவனுக்கு ரெண்டு வயசு, கூட அம்மை வேற.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. டீச்சரம்மா வாசப்படி ஏறினாங்க, ஆத்தா கோவிச்சுகிட்டான்னு ஊர் சொல்லும். நீங்க போகாம இருந்து ஏதாவது ஆனா யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்கப் போறதில்ல. இது ரெண்டையும் யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை. அவர் சொன்னபிறகுதான் யோசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணமாகி ஒரு வருடம்; சொந்த ஊரை விட்டு வந்து நல்லபடியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். “போயிட்டு வர்றேன் சார்” என்றேன்.

“போங்க. ஆனா போய் பாடம் நடத்தாதீங்க” என்றார். “ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவ எனக்குத் தெரியும். சைக்கிள்ல போய் கேட்டுட்டு வர்றேன்.”

பள்ளிக்கூடம் விட்டதும் மல்லிகாவோடு நடந்தேன். வெயில் இன்னும் இருந்தது. கூரை வீடு. வாசலில் வேப்பிலைக் கொத்து. நான் படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். கன்னியம்மா முறத்தோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இன்னா டீச்சர், இவ இன்னா பண்ணா?”

“ஒண்ணும் பண்ணல. முட்டியில அடிபட்டுது, கூட்டியாந்தேன்.”

“எங்கனா மோதிகினு வர்றதே இவ வேல. பட்டப்பகல்ல நல்லாத்தான் கீறா டீச்சர். வெளக்கு வெக்கற நேரம் ஆனா ஒரு வேல செய்ய மாட்டா. ஒரு சொம்பு தண்ணி எடுத்தாடின்னா மூலைல குந்திக்குவா. முந்தாநாளு கஞ்சி குண்டான காலால எட்டி வுட்டுட்டா. நாலு சாத்து சாத்தனேன்.”

மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைமையாசிரியர் பாடம் நடத்தாதீர்கள் என்று சொல்லியிருந்தார். எனக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். “கன்னியம்மா, எனக்குக் குடிக்கத் தண்ணி வேணும். நீ போவாத, மல்லிகா கொண்டாரட்டும். நீ இங்கேயே நின்னு அவ காலைப் பாரு” என்றேன்.

அந்த வீட்டுக்குள் பகலிலேயே மங்கலாகத்தான் இருக்கும். அம்மைக்காக உள் கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். மல்லிகா உள்ளே போனாள். வாசற்படியைத் தாண்டியதும் அவள் நடை மாறியது. இடது கை சுவரைத் தடவியபடி போயிற்று. வலது காலின் கட்டை விரல் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பாதம் ஊன்றியது. அடுப்புக்குப் பக்கத்தில் குனிந்து, பானை இருக்கிற இடத்தைக் கையால் துழாவினாள். பானை அவள் முழங்காலுக்கு எதிரே இருந்தது. அவள் கை அதற்கு அப்பால் தேடிக்கொண்டிருந்தது.

கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “இந்தா கீதே... ஏய், உன் எதிர்லயே கீதுடி” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அவளுக்குக் கண்ணு தெரியல கன்னியம்மா. மங்கலா இருந்தாப் போதும், தெரியாது. சோம்பேறித்தனம் இல்ல.”

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. மகள் தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து வந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நான் அட்ச்சனே டீச்சர்” என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. மல்லிகாவை இழுத்து இடுப்போடு சேர்த்து நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் பையனைப் பற்றிக் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். உடம்பில் போட்டது இறங்கிவிட்டதாம், காய்ச்சலும் குறைந்துவிட்டதாம். கண்ணை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறானாம். வெளிச்சம் பட்டால் கத்துகிறானாம். அதனால்தான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாளாம்.

அந்த நேரத்தில் ஏழுமலை வயலிலிருந்து வந்தார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார், வேப்பிலையைப் பார்த்தார். நான் படிக்கு வெளியில் நிற்பதைக் கவனித்திருக்க வேண்டும். மரியாதையாகத்தான் பேசினார். கன்னியம்மா மல்லிகாவின் கண்ணைப் பற்றிச் சொன்னாள். கேட்டுக்கொண்டார். பையனை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று நான் சொன்னதும் கையை எடுத்துக் கும்பிட்டார்.

“வேணாம் டீச்சர். இவனுக்கு முன்னாடி ஒரு புள்ள இருந்தான். அவனுக்கும் அம்மா போட்டுது. பேச்சக் கேட்டுகினு ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போனோம். வெறுங்கையோட வந்தோம். மறுபடி அத்த செய்ய என்னால முடியாது.”

இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியால் போகவில்லை, தாமதமாகக் கொண்டுபோனதால் போயிருக்கும் என்று சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பிள்ளையை இழந்தவரிடம் அவர் வாசலில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. சரியான பதில் கையில் இருக்கிறது என்பதற்காக அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. “நாளைக்குக் காலையில நர்ஸம்மா வருவாங்க. உங்க வாசலுக்கு வெளியிலேயே நிப்பாங்க. அவங்க சொல்றதை மட்டும் கேளுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்” என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பஸ் பிடிக்க நடந்தேன்.

மறுநாள் காலை நர்ஸம்மா வந்தார். தலைமையாசிரியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். தெருவில் ஏழெட்டுப் பேர் தள்ளி நின்று பார்த்தார்கள். “அம்மா இருக்கற வூட்டாண்ட இன்னாத்துக்கு இவங்க?” என்று ஒரு குரல் கேட்டது. நர்ஸம்மா எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு சிறு பாட்டிலை எடுத்தார். மஞ்சளாக, எண்ணெய் மாதிரி இருந்தது.

“இது இன்னா?” என்றார் ஏழுமலை.

“கண்ணுக்கான மருந்துதான், பொய் சொல்ல மாட்டேன். முருங்கைக் கீரையில இருக்கிற சத்து இது. உங்க பின்கட்டுலயே மரம் நிக்குதே, புள்ளைங்களுக்குக் குடுக்கறது இல்லையா?”

“கீர புள்ளைங்களுக்கு மந்தம்னு குடுக்க மாட்டோம்” என்றாள் கன்னியம்மா. “ஆட்டுக்குப் போடுவோம்.”

நர்ஸம்மா முதலில் மல்லிகாவுக்கு ஒரு கரண்டி கொடுத்தார். பிறகு ஏழுமலையிடம், “நான் உள்ள வரல. உங்க புள்ளையத் தொடவும் மாட்டேன். நீங்களே வாயில ஊத்துங்க. ஊத்தறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம் கண்ணு ரெப்பையப் பிரிச்சு நீங்களே பாருங்க. எங்கிட்ட காட்ட வேணாம். என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

ஏழுமலை உள்ளே போனார். உள் கதவைக் கொஞ்சம் திறந்தார். குழந்தை வீறிட்டது. நாங்கள் வெளியே நின்றுகொண்டிருந்தோம். அழுகை நின்றும் அவர் வரவில்லை. வந்தபோது வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கண்ணு வெந்த மீன் கண்ணு மாரி கீதுமா” என்றார்.

“ரெண்டுமா?”

“ஒண்ணு அப்டி கீது. ஒண்ணு கொஞ்சம் பரவால்ல.”

நர்ஸம்மாவின் முகத்தை அப்போது பார்த்தேன். அவர் தணிந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “இப்பவே மருந்து ஊத்துங்க. ஊத்திட்டுப் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். சீட்டு எழுதித் தர்றேன். பரவால்லன்னு சொன்னீங்களே, அந்தக் கண்ணைக் காப்பாத்தறதுக்கு. நாளைக்குப் போனா அதுவும் இருக்குமான்னு எனக்குத் தெரியாது.”

தெருவில் நின்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாவது தண்ணீர் ஊற்றாமல் எடுக்கக்கூடாது என்றார்கள். ஊருக்கே ஆகாது என்றார் ஒருவர். நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பிக் கையை மட்டும் லேசாக அசைத்தார்.

ஏழுமலை பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஊற்றினார். பிறகு பையனை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, முகத்தை மூடித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கூட்டம் விலகியது. அவர் சாலைப் பக்கம் போகவில்லை. ஊர்க் கோடியில் இருந்த அம்மன் கோவிலைப் பார்த்துப் போனார். கன்னியம்மா பின்னாலேயே ஓடினாள். ஆத்தாள் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றே நினைத்தேன்.

கோவிலுக்கு முன்னால் பிள்ளையோடு நின்றார். வாய் அசைந்தது போல இருந்தது. குனிந்து குங்குமத்தை எடுத்துப் பையன் நெற்றியில் வைத்தார். திரும்பி வந்து தலைமையாசிரியரிடம், “சார், சத்திரத்துல பஸ்ஸு எப்ப?” என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், “ஏழுமல, ஆத்தாகிட்ட உத்தரவு வாங்கனியா?” என்றார்.

“கேட்டேன். வாணாம்னு அவ சொல்லல.”

தலைமையாசிரியர் ஏழுமலையைப் பிள்ளையோடு சைக்கிளில் உட்காரவைத்து ஏரிக்கரை மேல் மிதித்தார். கன்னியம்மா, மல்லிகாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போய்ச் சேர்ந்துகொண்டாள்.

பையனுக்கு ஒரு கண் பிழைத்தது. இன்னொன்றில் கருவிழி வெண்மையாகத் தழும்பு கட்டிப் பார்வை போய்விட்டது. சில வருடங்கள் கழித்து அவனும் என் வகுப்புக்கு வந்தான். பார்வையுள்ள கண் கரும்பலகைப் பக்கம் இருக்கும்படி அவனுக்கு இடம் கொடுத்தேன். அதைத் தவிர அவனுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. படித்தான், சண்டை போட்டான், மற்றவர்களைப் போலவே இருந்தான். ஊரில் சிலர் போன கண்ணுக்கு என்னைக் காரணம் சொன்னார்கள். கொஞ்ச காலம் இரண்டொரு வீடுகளில் பிள்ளைகளை அனுப்பவும் இல்லை. தலைமையாசிரியர் அந்த வீடுகளுக்கு அவரே போய்ப் பேசிக் கூட்டிவந்தார். ஏழுமலை எனக்கு நன்றி சொன்னதில்லை. குறையும் சொன்னதில்லை. அறுவடை முடிந்து நர்ஸம்மா ஊருக்குள் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மருந்தைக் கொடுத்தபோது, தெருவில் முதல் ஆளாகப் பையனைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அவர்தான். அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் வந்தார்கள்.

ஒவ்வொரு வருடமும் அந்த இருட்டறைப் பாடத்தை நான் நடத்தினேன். அதற்குப் பிறகு ஐந்தாறு பேராக இல்லை, ஒருவர் ஒருவராக. நேரம் அதிகம் பிடிக்கும். பள்ளியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், இந்த ஒரு பாடத்துக்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கன்னியம்மாவும் ஏழுமலையும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மல்லிகா சித்தி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தாள். நர்ஸம்மா சொன்னபடி மறுநாளும் மருந்து கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். முகத்தில் கோபம் மாதிரி ஏதோ இருந்தது.

“டீச்சர், ராத்திரில மேல இருக்கறது எல்லாருக்கும் தெரியுமா?”

“மேல என்ன இருக்குது?”

“வானத்துல. புள்ளி புள்ளியா. நெலாவும் அதுக்குப் பக்கத்துல ஒண்ணு ரெண்டும்தான்னு நெனச்சிகினு இருந்தேன். நேத்து சித்தி வூட்டு வாசல்ல படுத்துகினு பாத்தா அவ்ளோ கீது. நட்சத்திரம்னு சித்தி சொன்னாங்கோ.”

“ஆமாம்மா. எல்லாருக்கும் தெரியும்.”

“உங்களுக்கும்?”

“எனக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏன் யாரும் எனுக்கு சொல்லல?”

எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துத்தான் யாரும் சொல்லாமல் இருந்தோம் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு வேறு பாடம் எடுப்பதாக இருந்தேன். அதை விட்டுவிட்டு மல்லிகாவைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, “நேத்து நீ பார்த்ததைச் சொல்லு” என்றேன்.

அவள் சொன்னாள். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், அவளைக் கோழி என்று கூப்பிட்ட பிள்ளைகள், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, யாராவது நம்பாமல் போய்விடப்போகிறார்களே என்கிற மாதிரி மறுபடியும் ஒன்று சொன்னாள்.

“வூட்டுக்குப் பின்னாடி போயும் பாத்தேன் டீச்சர். அங்கயும் கீது.”